பீரங்கிக்குப் பக்கத்தில் சாப்பாட்டு மேசை

லண்டனிலிருந்து போர்ட்ஸ்மத்துக்கு ரயிலில் இரண்டு மணி நேரம்தான் என்றார்கள். நான் போன ஞாயிற்றுக்கிழமை தண்டவாள வேலை. பாதி வழியில் இறக்கி பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். ஹீட்டர் ஓடவில்லை, ஊர் ஊராக நின்றது, நாலு மணி நேரம் ஆயிற்று. டிக்கெட்டில் ஒரு பென்னி குறைக்கவில்லை. வயிற்றெரிச்சலோடு இறங்கினால், துறைமுக ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே கன்னங்கரேலென்று நிற்கிறது எச்.எம்.எஸ். வாரியர் என்ற பழைய பிரிட்டிஷ் போர்க்கப்பல். கோபம் அங்கேயே போயிற்று.

எப்படிப் போவது, எவ்வளவு ஆகும் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அது அப்புறம், முதலில் கப்பல்.

பிரான்ஸ் தன் மரக்கப்பலுக்கு இரும்புக் கவசம் போட்டதும், பிரிட்டன் உடம்பையே இரும்பால் கட்டி 1860-ல் இதைத் தண்ணீரில் இறக்கியது. நடுப்பகுதியில் நாலரை அங்குல இரும்பு, அதற்குப் பின்னால் 18 அங்குலத் தேக்கு. இவ்வளவு செய்தவர்கள் சுக்கான் இருக்கும் பின்பகுதிக்குக் கவசம் போடாமல் விட்டிருக்கிறார்கள்!

நீராவி என்ஜின் இருந்தும் மூன்று பாய்மரங்கள். கரியை மிச்சம் பிடிக்கப் பாய் விரித்தால், கப்பலைத் தள்ளும் புரொப்பெல்லர் விசிறி கீழே சும்மா கிடந்து வேகத்தைக் கெடுக்கும். அதனால் சுமார் 600 பேர் கயிறு பிடித்து அதை மேலே தூக்குவார்களாம். இரண்டு புகைபோக்கிகளையும் உள்ளே இறக்கிவிடலாம்.

பீரங்கித் தளத்தில்தான் நான் ஒரு மணி நேரம் நின்றுவிட்டேன். கப்பலில் சுமார் 700 பேர். மாலுமிகளுக்குத் தனி அறை கிடையாது. இரண்டு பீரங்கிகளுக்கு நடுவே ஒரு மேசை, அதில் 18 பேர் சாப்பாடு. ராத்திரி அதே மேசைக்கு மேலே கித்தான் தூளிகளைக் கட்டிப் படுக்கை. நம் வீட்டுக் கூடத்தில் கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி படுப்பதுபோல, ஆனால் வருஷக்கணக்கில், தலைமாட்டில் பீரங்கியோடு. துணி துவைக்கக் கையால் சுற்றும் இயந்திரம் வைத்திருந்தார்கள் என்பது எனக்குப் பெரிய ஆச்சரியம்.

கீழே பாய்லர் அறை. பத்து பாய்லர், நாற்பது அடுப்பு. கரி அள்ளிப் போட்டவர்களை நினைத்தாலே வியர்த்தது. என்ஜின் மட்டும் ஏமாற்றம், அது அசல் இல்லை, பிற்காலத்தில் செய்துவைத்த நகல்.

ஒரு குண்டுகூடப் போரில் சுடாத கப்பல் இது. 1929 முதல் ஐம்பது வருஷம் வேல்ஸில் எண்ணெய் ஏற்றும் மிதக்கும் துறையாகக் கிடந்தது. பிறகு இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் ஊரில் பழுது பார்த்து 1987-ல் இங்கே கொண்டுவந்தார்கள்.

சரி, செலவு. நுழைவுச் சீட்டு விலையை ரூபாயில் பெருக்கிப் பார்க்காதீர்கள், பிறகு சாப்பாடு இறங்காது. எனக்கு மதியம் ஒரு பொட்டலம் சிப்ஸ்தான். அதிலும் பாதியைக் கடற்பறவை கொத்திக்கொண்டு போயிற்று. திரும்பவும் அதே பஸ்.