ஐஸில் உறைந்த இன்சுலின்: அப்பாவோடு தனுஷ்கோடி வரை

அப்பாவுக்கு 72 வயது. சர்க்கரைக்காகக் காலை, மாலை இரண்டு வேளையும் இன்சுலின் போட்டுக்கொள்பவர். "ராமேஸ்வரத்துல தீர்த்தமாடாம என்னைக் கட்டையில வச்சிராதே" என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். போன மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை திருப்பூரிலிருந்து காரில் கிளம்பினோம்.

மருந்துப் பையைக் கட்டியது நான்தான். காய்ச்சலுக்கு, வாந்திக்கு, வயிற்றுப்போக்குக்கு என்று ஒரு குட்டி மெடிக்கல் கடையே அதில் இருந்தது. கார் சூட்டில் இன்சுலின் கெட்டுவிடுமே என்று ரொம்ப அக்கறையாக, திரும்பும்போது கருவாடு வாங்கிவர வைத்திருந்த தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே இரண்டு குப்பிகளையும் புதைத்து வைத்தேன். அக்கறைதான் கெடுத்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, ராமேஸ்வரத்து லாட்ஜில், அப்பா வழக்கம்போலக் குப்பியை உள்ளங்கையில் வைத்து உருட்டினார். அவருடையது கலங்கல் இன்சுலின். உருட்டினால் பால் மாதிரி ஒரே சீராக வரவேண்டும். வரவில்லை. திரிந்த பால் மாதிரி கண்ணாடியில் கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டது. இன்னொரு குப்பியும் அப்படியே. இன்சுலின் ஒரு தடவை உறைந்துவிட்டால் பிறகு உருகினாலும் பயனில்லை, கொட்ட வேண்டியதுதான் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. உடைக்காத குப்பிக்கு 2 முதல் 8 டிகிரி குளிர்ச்சி போதும். உபயோகத்தில் இருக்கும் குப்பி, வெயில் படாத சாதாரண அறைச் சூட்டிலேயே பொதுவாக நாலு வாரம் தாங்கும். ஊரில் பாட்டி காலத்தில் செய்ததுபோல ஈர மண்பானைக்குள் வைத்திருந்தாலே போதுமாக இருந்திருக்கும்.

டாக்டர் சீட்டு வீட்டு பீரோவில் பத்திரமாக இருந்தது. திறந்திருந்த மெடிக்கலைத் தேடிப்பிடித்துப் போனால், கடைக்காரர் கேட்ட கேள்விகளுக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. "முப்பதுக்கு எழுபதா, அம்பதுக்கு அம்பதா? நாப்பது யூனிட்டா, நூறா?" முதல் கேள்வி, வேகமாக வேலை செய்யும் இன்சுலினும் மெதுவாக வேலை செய்வதும் எந்த விகிதத்தில் கலந்தது என்பது; இரண்டாவது, ஒரு மில்லியில் எத்தனை யூனிட் என்பது. நான் விழித்தேன். அப்பாதான் பின்னாலிருந்து, "சிவப்பு மூடி ஊசி, தம்பி" என்றார். ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள மருந்துக்குச் சிவப்பு மூடி, 100 யூனிட்டுக்கு ஆரஞ்சு மூடி. இதை மாற்றிப் போட்டால் அளவு இரண்டரை மடங்கு ஏறும், இல்லை அதே கணக்கில் இறங்கும். பாதி விடை கிடைத்தது. மீதிக்கு எங்கள் டாக்டரைப் போனில் பிடிக்க முக்கால் மணி நேரம். அதுவரை அப்பா சாப்பிடாமல், ஆனால் கோபப்படாமல், கடை வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இப்போது சீட்டின் நகல் ஒன்று என் பர்ஸில், ஒன்று அப்பா சட்டைப் பையில். கம்பெனி பெயர் மட்டுமல்ல, மருந்தின் பெயரும் யூனிட்டும் அதில் உண்டு. குப்பிகளும் இனி ஒரே பெட்டியில் போகாது.

அக்னி தீர்த்தத்தில் முழுகி, கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடி, ஈர வேட்டியை மாற்றிக்கொண்டு தரிசனம் முடித்து வெளியே வந்தபோது உச்சி வெயில். வெறுங்காலோடு லாட்ஜுக்கு நடந்தோம். நான் துள்ளித் துள்ளி ஓடினேன். அப்பா நிதானமாக வந்தார். 'என்ன ஒரு பக்தி' என்று நினைத்துக்கொண்டேன். ராத்திரி பார்த்தால் உள்ளங்காலில் நாலணா அகலத்துக்குக் கொப்புளம். பல வருஷச் சர்க்கரை, சூடே உறைக்கவில்லை. அரசு மருத்துவமனையில் சுத்தம் செய்து கட்டுப் போட்டு, தரையில் வெறுங்கால் வைக்கவே கூடாது என்றார்கள்.

மறுநாள் தனுஷ்கோடி. அதன் கடைசி நுனியான அரிச்சல்முனை ராமேஸ்வரத்திலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர். இரண்டு பக்கமும் கடல், நடுவே ஒரே ரோடு. ஏதாவது ஆனால் அதே ரோட்டில்தான் திரும்ப வேண்டும். ராமேஸ்வரத்தில் வைத்தியம் முடியாவிட்டால் பாம்பன் பாலம் தாண்டி இராமநாதபுரம் 55 கிலோமீட்டர்; அதற்கும் மேலே என்றால் மதுரை, சுமார் 170. இந்தச் சாலைப் பாலமே 1988இல்தான் வந்தது. அதற்கு முன்னால் 1914இல் போட்ட ரயில் பாலம் ஒன்றுதான். 1964 டிசம்பர் புயலுக்கு முன் தனுஷ்கோடியில் ரயில்வே ஆஸ்பத்திரியே இருந்திருக்கிறது. இன்றைக்கு இடிந்த சர்ச்சும், சங்கு பாசிக் கடைகளும், மீன் வறுக்கும் குடிசைகளும்தான் கண்ணில் பட்டன. 108ஐ அழைக்க நேர்ந்தால் 'கடற்கரை' என்று சொல்லிப் புண்ணியமில்லை, எல்லாமே கடற்கரைதான். கோதண்டராமர் கோயிலுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா, அசோகர் தூண் பக்கமா என்று சொல்ல வேண்டும்.

மீன் வறுத்துக்கொண்டிருந்த அக்காவின் வீட்டுக்காரர் தன் குதிகால் வடுவைக் காட்டினார். திருக்கை முள். "வெந்நீருதாண்ணே மருந்து. பொறுக்குற சூட்டுல ஒரு மணி நேரம் காலை வச்சிருக்கணும். வலி அப்படியே இறங்கிரும். அப்புறம் ஆஸ்பத்திரி போயே ஆகணும், முள்ளு உள்ளே ஒடிஞ்சு கிடக்கும்." டாக்டர்களும் இதையேதான் சொல்கிறார்கள். எனக்கு வேறு கவலை. பொறுக்கும் சூடு எது என்று அப்பாவின் கால் எப்படிச் சொல்லும்? அவருக்கு என்றால் நம் கையை விட்டுத்தான் பார்க்க வேண்டும்.

முனையில் நீரோட்டம் பொல்லாதது, குளிக்கக் கூடாது. காலையாவது நனைக்கிறேன் என்று அப்பா அடம்பிடித்தார். கட்டின் மேல் பிளாஸ்டிக் பையைச் சுற்றி, என் கேன்வாஸ் ஷூவை மாட்டிவிட்டு, ஈர மணலின் ஓரத்தில் நிற்கவைத்தேன். அலை வந்து ஷூவை நனைத்துப் போனது. குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டு, "இதுவும் கணக்குல சேரும்" என்றார்.