கைதிகள் இழைத்த சுவர்

சிட்டி ஹால் எம்ஆர்டி ரயில் நிலையத்தின் படியேறி வெளியே வந்தால், பசும்புல்வெளியின் நடுவே வெள்ளைவெளேரென்று நிற்கிறது சிங்கப்பூரின் புனித அந்திரேயா பேராலயம். ஆராதனைக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. உள்ளே போவதற்கு முன் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சிறிது நேரம் நின்றேன். இத்தனை தூரம் வந்ததே அதற்காகத்தான்.

இந்தச் சுவரை எழுப்பியவர்கள் இந்தியாவிலிருந்து கடல் கடத்தப்பட்ட தண்டனைக் கைதிகள். பூசியது மெட்ராஸ் சுண்ணாம்பு. மணல் சேர்க்காத கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டை வெண்கருவும் நாட்டுச் சர்க்கரையும் சேர்த்து அடித்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்து, பூசிக் காய்ந்தபின் கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பு ஏற்றினார்கள். செட்டிநாட்டு வீடுகளின் சுவரைத் தடவிப் பார்த்தவர்களுக்கு இந்தக் கைப்பக்குவம் தெரியும். மேற்பூச்சு காலத்தில் மாறியிருக்கலாம், சுவர் அவர்களுடையது.

ஸ்காட்லாந்து வணிகர்கள் பணம் கொடுத்ததால் அந்நாட்டின் காவல் புனிதரான அந்திரேயாவின் பெயர் வந்தது. முதலில் கட்டிய ஆலயத்தில் இருமுறை இடி விழுந்து, 1855இல் அதை இடித்துவிட்டார்கள். இப்போதைய ஆலயத்துக்கு 1856இல் அடிக்கல் நாட்டியவர் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன். 1862இல் பிரதிஷ்டை செய்தவரும் கல்கத்தா பேராயரே, ஜார்ஜ் காட்டன். இங்கிலாந்துத் திருச்சபையின் வழிவந்த ஆங்கிலிக்கன் சபை இது. சிங்கப்பூர்ச் சபை அன்று கல்கத்தா திருமண்டலத்தை, அதாவது கல்கத்தா பேராயரின் ஆளுகைப் பகுதியை, சேர்ந்திருந்தது. பிறகு போர்னியோ பக்கத்து லபுவான் திருமண்டலத்தோடு சேர்ந்து, 1909இல்தான் தனித் திருமண்டலமாயிற்று. ஆசியர் ஒருவர் பேராயராவதற்கு 1966 வரை, பான் இட் சியூ வரும்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. 1996இல் கூச்சிங், சபா, மேற்கு மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நான்கு திருமண்டலங்களும் தென்கிழக்காசிய ஆங்கிலிக்கன் மாகாணமாயின. அவற்றின் பேராயர்கள் நால்வரில் ஒருவரே மாகாணத்துக்குத் தலைவரான பிரதமப் பேராயர். அந்தப் பொறுப்பு ஒரே ஊரில் நிலைத்திருப்பதில்லை. திருநெல்வேலியில், 1947இல் தென்னிந்தியத் திருச்சபையோடு இணைந்த ஒரு பழைய ஆங்கிலிக்கன் சபையில் வளர்ந்தவன் நான். கிளை வேறானாலும் வேர் ஒன்று என்பதால் ஆராதனை முறையில் எனக்கு அந்நியம் தோன்றவில்லை.

1942 பிப்ரவரியில் நகரம் வீழும் நாள்களில் இந்த ஆலயம் காயம்பட்டவர்களுக்கு மருத்துவமனையாயிற்று. அன்றைய பேராயர் லெனார்ட் வில்சனை ஜப்பானியர் சிறைபிடித்துச் சித்திரவதை செய்தார்கள். போருக்குப் பின், தம்மை வதைத்தவர்களில் ஒருவருக்கே அவர் திடப்படுத்தல் வழங்கினார், அதாவது ஞானஸ்நானம் பெற்றவரை விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் சடங்கை நடத்தினார். அந்த இருவரும் எதிரெதிரே நின்ற கணத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

உள்ளே பலிபீடத்துக்குப் பின்னால் மூன்று வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள். ராஃபிள்ஸ், கிராஃபர்ட், பட்டர்வொர்த் என்று பிரிட்டிஷ் ஆட்சியாளர் மூவரின் நினைவாக வைத்தவை. காலை வெளிச்சத்தில் அழகாகவே இருந்தன. என் கண் மட்டும் சுவருக்கே திரும்பிக்கொண்டிருந்தது. பரதீசுக்கு முதலில் வாக்குப் பெற்றவன் இயேசுவின் அருகே சிலுவையில் தொங்கிய ஒரு தண்டனைக் கைதி அல்லவா?

மன்றாட்டு வேளையில், மனத்தில் இருப்பவர்களின் பெயரை அமைதியாகச் சொல்லி ஜெபிக்கச் சொன்னார் குருவானவர். எனக்குச் சொல்ல ஒரு பெயரும் தெரியவில்லை. தேங்காய் மட்டை ஊறிய தண்ணீரையும் கல்லைப் பிடித்துத் தேய்த்த கைகளையும் நினைத்துக்கொண்டு முழங்காலிட்டிருந்தேன்.