வேலூர் லாங் பஜாரில் இண்டக்‌ஷன் பாத்திரம் வாங்குறவங்களுக்கு

அடியில் காந்தம் ஒட்டுதான்னு மட்டும் பார்த்தா போதாது. சமமான கண்ணாடி மேல வச்சு விளிம்பை அழுத்திப் பாருங்க, ஆடினா எடுக்காதீங்க. அடி வெளிப்பக்கம் புடைச்சிருந்தா அடுப்பு மேல சுழலும், கைப்பிடி பக்கமா சாயும். அடி விட்டம் 12 செ.மீ.க்குக் குறைஞ்சா பல அடுப்புகள் பாத்திரம் இருக்குன்னே உணராது.

நல்ல பாத்திரமும் வளையறதுக்குப் பெரும்பாலும் காரணம், காலியா முழு சூட்டில் வைக்கிறதுதான். எண்ணெய் ஊத்தி, நடுத்தர சூட்டில் ஆரம்பிங்க.

வழுக்காம இருக்க சிலிக்கான் விரிப்பு போடலாம், பால் காய்ச்ச, சாதம் வடிக்க மட்டும். பொரிக்க வேண்டவே வேண்டாம்: வெப்ப உணரி அடுப்போட கண்ணாடிக்கு அடியில இருக்கு, நடுவுல விரிப்பு வந்தா எண்ணெய் எவ்வளவு காஞ்சிருக்குன்னு அதுக்குத் தாமதமாத்தான் தெரியும்.

வேலூர் வெயிலுக்கு இன்னொண்ணு: அடுப்பைச் சுவரை ஒட்டி வைக்காம 10 செ.மீ. தள்ளி வையுங்க, அடுப்புக்குள்ள இருக்கிற விசிறிக்குக் காத்து வேணும்.