ஆழித்தாய்: தடைக்காலக் குறிப்புகள்

ஏப்ரல் 16, 2025

நேற்றோடு மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது. ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. காசிமேட்டில் எங்கே பார்த்தாலும் தச்சு வேலை, எஞ்சின் வேலை, பெயின்ட் வாசம். நைட் டியூட்டி முடிந்து, மீன் வாங்கலாமென்று அந்தப் பக்கம் போனேன். "பெயின்டரு!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அப்பார்ட்மென்டில் நான் வாட்ச்மேன். பெயின்டர் என்று என்னைக் கூப்பிட்டு 18 வருஷம் ஆகிறது.

ஒரு போட்டின் சொந்தக்காரம்மா. அவங்க பழைய போட்டுக்கு 'ஆழித்தாய்' என்று பேர் எழுதியது நான்தான்.

"பழைய போட்ட ஒடச்சப்போ உன் எழுத்து இருந்த பலகைய மட்டும் நான் குடுக்கலபா. ஊட்ல வாசலுக்கு மேல அடிச்சி வெச்சிகிறேன். புதுசுக்கு ஸ்டிக்கர் ஒட்னாங்க, ஒரு சீசன் தாங்கல. நீயே எழுதிக் குட்த்துடு."

"விட்டுட்டேன்கா. கை வராது" என்றேன்.

"இன்னா அவசரம், ரெண்டு மாசம் கெடக்குது. நீ வர்ற வரைக்கும் அந்த எடம் காலியா இருக்கட்டும்."

ஏப்ரல் 20

பலகையைப் பார்க்கப் போனேன். பார்த்திருக்கக் கூடாதோ என்று முதலில் தோன்றியது. மஞ்சள் எழுத்து, சிவப்பு ஷேடு. மஞ்சள் வெளுத்துவிட்டது, ஆனால் 'ஆ'வின் சுழி ஒரே இழுப்பில் வந்திருப்பது இன்னும் தெரிகிறது. நடுவில் பிரஷ்ஷை எடுக்கவே இல்லை. அப்போது எனக்கு 28 வயசு.

ராயபுரம் கல்மண்டபம் பக்கம் பல கடைகளின் போர்டு என் கையால் எழுதியது. கல்யாண பேனர், கட்சி பேனர், அஞ்சலி பேனர் எல்லாம் கட்டம் போட்டு முகம் வரைவோம். ஒரு பெரிய முகத்துக்கு மூன்று நாள் பிடிக்கும். ஃப்ளெக்ஸ் வந்ததும் சாயங்காலம் போட்டோ கொடுத்தால் காலையில் பேனர் தொங்கியது. 2007-இல் கடைசியாக ஒரு அரிசிக் கடை போர்டு. அதோடு பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டேன். வேலை போனது வலித்தது. அதைவிட, வீட்டில் ஒரு காகிதத்தில்கூட எதையும் வரையாமல் இத்தனை வருஷம் இருந்துவிட்டேனே, அதுதான் இன்று அந்த வாசலில் நிற்கும்போது தாங்கவில்லை.

ஏப்ரல் 25

பெட்டியை இறக்கினேன். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த வாத்தியார் தந்த பிரஷ் நான்கும் கல் மாதிரி இருந்தன. இரண்டு நாள் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டதில் இரண்டுக்கு உயிர் வந்தது. பழைய பேப்பரில் 'ழி' எழுதிப் பார்க்கிறேன். கீழே இறங்கி வளையும் இடத்தில் கை நடுங்குகிறது. கண்ணாடி போட்டால் கிட்டே தெரிகிறது, மொத்த எழுத்தின் சாய்வு தெரியமாட்டேன் என்கிறது. எட்டு பேப்பர் வீணானது. மகள் வந்து ஒன்பதாவதை எடுத்துப் பார்த்து, "இது வேணும்பா" என்று தன் புஸ்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள்.

மே 1

மெரினாவுக்குப் போனேன். 1923-இல் இதே நாளில் சிங்காரவேலர் இந்தக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார். மீனவர் குடும்பத்தில் பிறந்தவர். நான் போனது உழைப்பாளர் சிலைக்காக. சின்ன வயதில் வாத்தியார் எங்களை இங்கே கூட்டிவந்து, "கால் விரலைப் பாருடா, பாறையோட கனம் அங்கதான் தெரியும்" என்பார். நாலு பேர் பாறையைத் தள்ளுகிறார்கள், விரல்கள் மண்ணைப் பிடித்திருக்கின்றன. செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி, பெரியமேட்டு ஓவியக் கல்லூரியில் பல வருஷம் பிரின்ஸிபாலாக இருந்தவர். 1959-இல் இங்கே வைத்தார்கள். மாடலாக நின்றவர்களில் ஒருவர் அந்தக் கல்லூரியின் வாட்ச்மேன். வாத்தியார் அதைச் சொன்னபோது எனக்கு அது வெறும் சேதி. இன்று அந்த முதுகுகளில் அவர் முதுகு எது என்று ரொம்ப நேரம் தேடிக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது ஒரு நோட்டு வாங்கினேன், கோடு போடாதது.

மே 9

டியூட்டியில் இரவு இரண்டு மணிக்கு மேல் கேட் பக்கம் யாரும் வருவதில்லை. நோட்டில் என் இடது கையை வரைந்தேன். கட்டை விரல் சரியாக வரவில்லை. மற்றதெல்லாம் என் கைதான்.

மே 22

இன்று எழுதினேன்.

டியூட்டியிலிருந்து நேராகப் போய் ஆறரைக்கு ஆரம்பித்தேன். வெயில் ஏறினால் பலகை சுடும், பெயின்ட் பரவும் முன்பே இழுத்துக்கொள்ளும். முதலில் நல்ல தண்ணீர் விட்டு அந்த இடத்தைக் கழுவித் துடைத்தேன். உப்பு படிந்திருந்தால் பெயின்ட் பிடிக்காது, இரண்டு மாதத்தில் தோலாக உரியும். சாக்பீஸ் தடவிய நூலை இழுத்துக் கட்டி மேல் கோடும் கீழ் கோடும் அடித்தேன். அக்காவின் பேரன் நூலின் மறுமுனையைப் பிடித்தான்.

முதல் 'ஆ' கோணலாக வந்தது. துணியில் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தேன். இரண்டாவதும் அப்படியே. அக்கா பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்தாங்க, தலை நிமிரவே இல்லை. அந்த நேரத்தில் "பரவால்லபா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எழுந்து வந்திருப்பேன் என்று நினைக்கிறேன். மூன்றாவது தடவை மணிக்கட்டை விட்டுவிட்டுத் தோளிலிருந்து இழுத்தேன். வாத்தியார் சொல்லிக்கொடுத்தது அதுதான், தோளுக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. சுழி தானாக வந்து உட்கார்ந்தது. அப்புறம் ழி, த், தா. 'ய்' மேல் புள்ளி வைக்கும்போது ஒன்பதரை. கீழே இறங்கிப் பத்தடி தள்ளி நின்று பார்த்தேன். 'தா' சற்று அகலம். மற்றபடி என் எழுத்து.

அக்கா எழுந்து வந்து பார்த்தாங்க. "இப்பதான் இது என் போட்டு" என்றாங்க.

மே 24

சிவப்பு ஷேடு கொடுத்தாயிற்று. பக்கத்துப் போட்டுக்காரர், போட்டின் முன்பக்கம் அணியத்தில் ஒரு மீன் வரைந்து தருவாயா என்று கேட்டார். என்ன மீன் என்று கேட்டேன். வஞ்சிரம். நாளைக் காலையில் மார்க்கெட்டில் ஒன்றைப் பக்கத்தில் வைத்து வரைந்து பார்க்க வேண்டும், செதில் பளபளப்பை ஞாபகத்திலிருந்து போட முடியாது.

ஜூன் 15

நள்ளிரவில் போட்டுகள் கிளம்பியபோது நான் டியூட்டியில். தண்டையார்பேட்டை வரை எஞ்சின் சத்தம் கேட்காது. இருந்தாலும் மொட்டை மாடிக்குப் போய்க் கிழக்கே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஜூன் 26

ஆழித்தாய் கரைக்கு வந்துவிட்டாள். போய்ப் பார்த்தேன். மஞ்சள் அப்படியே இருக்கிறது. பக்கத்துப் போட்டின் கயிறு உரசி 'ழி'யின் வால் ஒரு விரல் அளவுக்கு உரிந்திருந்தது. சின்ன பிரஷ் சட்டைப் பையிலேயே இருந்தது. பேரனை மஞ்சள் டப்பா எடுத்துவரச் சொன்னேன்.