ஒரு டகரத்தில் போன தேர்வு: டச்சுக் குழந்தை ஒலியனியல் தாள் எழுதப்போகிறவர்களுக்கு

சென்ற வாரம் மறுதேர்வு முடிவு வந்துவிட்டது: 8. முதல் முறை வாங்கியது 4.5. தேர்ச்சிக்கு வேண்டியது 5.5. குறைந்த அந்த ஒரு மதிப்பெண் எங்கே போனது என்று எனக்கு நன்றாகத் தெரியும். டச்சுக் குழந்தைகள் தங்கள் மொழியின் ஒலிகளை எப்படிக் கற்கிறார்கள் என்னும் இந்தப் பாடத்தை அடுத்த பருவத்தில் எடுக்கப்போகிற நம்மவர்கள் அதே இடத்தில் இடறக்கூடாது. அதனால்தான் சூடு ஆறுவதற்குள் எழுதுகிறேன்.

என்னைக் கவிழ்த்தது அட்டவணைக் கேள்வி. ஒரு பக்கம் டச்சுச் சொற்கள், வழக்கமான எழுத்துக்கூட்டலில். எதிரே, இரண்டு வயதுக் குழந்தை அவற்றைச் சொன்ன விதம், ஒலியெழுத்தில். நாயைக் குறிக்கும் ‘ஹோண்ட்’ எழுத்தில் ‘வண்டி’யில் வரும் டகரத்தில் முடிகிறது. குழந்தை சொன்னதோ ‘தட்டு’வில் வரும் டகரம். கட்டிலைக் குறிக்கும் ‘பெட்’டிலும் அதே கதை. “குழந்தை இறுதி மெய்யின் அதிர்வை இழக்கச் செய்கிறது” என்று தொடங்கி ஒன்றரைப் பக்கம் எழுதினேன். (அதிர்வு என்றால் ஒலிக்கும்போது குரல்நாண் அதிர்வது: ‘வண்டி’யின் டகரத்தில் உண்டு, ‘தட்டு’வில் இல்லை.) திருத்தியவர் ஓரத்தில் ஒரே வரி எழுதியிருந்தார்: “இங்கே அதிர்வோடு முடிக்கும் பெரியவர் யாரையாவது கேட்டிருக்கிறீர்களா?”

கேட்டதில்லை. அப்படி யாரும் சொல்வதில்லை. டச்சில் சொல்லிறுதியில் அதிர்வுள்ள தடையொலி, அதாவது காற்றை அடைத்தோ நெருக்கியோ சொல்லும் மெய், நிற்காது. எழுத்து எதுவாக இருந்தாலும் வாயில் வருவது வல்லென்ற ஒலிதான். பன்மையில் ‘ஹோண்டன்’ என்னும்போதுதான் மெல்லிய டகரம் வெளியே வரும். இந்த விதி எனக்கு மனப்பாடம். ஆனால் தாளைப் பார்த்ததும் கண் எழுத்துக்கூட்டலில் ஒட்டிக்கொண்டது. வாயும் உதவவில்லை. வண்டி, கண்டு, பண்டம் என்று மூக்கொலிக்குப் பின் வல்லினத்தை மெலிந்தே சொல்லிப் பழகிய நாக்கு, ‘ஹோண்ட்’டையும் அப்படித்தான் சொல்லிப் பார்த்தது. தமிழ் பேசுகிறவர்கள் இந்த இடத்தில் கூடுதல் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

ஆகவே நான் சொல்லும் ஒரே முக்கியமான விஷயம்: மூன்று நிரல் போடுங்கள். முதலில் எழுத்து, நடுவில் பெரியவர் சொல்வது, கடைசியில் குழந்தை சொல்வது. நடு நிரலை நிரப்பி முடிக்கும்வரை கடைசி நிரலைக் கையால் மூடிவையுங்கள். குழந்தைக்கு எழுத்துக்கூட்டல் தெரியாது. அதன் காதில் விழுவது நடு நிரல் மட்டுமே.

இது எனக்கு உறைத்தது பக்கத்து வீட்டில். அங்கே மூன்று வயதுப் பேத்தி பொம்மைகளைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தாள். ஒரு தீப்பெட்டியைக் காட்டி ‘பெட்’ என்றாள். இரண்டாவது தீப்பெட்டியை அருகில் வைத்து ‘த்வே பெட்டன்’ (இரண்டு கட்டில்கள்) என்றாள். பாட்டி திருத்தவில்லை. “ஆமாம், த்வே பெடன்” என்று சரியான பன்மையைச் சொல்லிவிட்டுப் பின்னலைத் தொடர்ந்தார். குழந்தை மறுபடியும் ‘பெட்டன்’ என்றாள். தொப்பிக்கான டச்சுச் சொல்லும் ‘பெட்’தான், அதன் முதல் மெய் மட்டும் வல்லென்றது, பன்மை ‘பெட்டன்’. அது சரி என்றால் கட்டிலுக்கு மட்டும் ஏன் கூடாது? ஒருமையின் இறுதியில் இரண்டுக்கும் வேறுபாடே கேட்காதே! அன்னமரி கெர்க்ஹோஃப் 2007இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் அளித்த ஆய்வேடு முழுவதும் இந்தக் கேள்விதான். தெரிந்த சொற்களில், பன்மையில் டகரம் மெலியும் இந்த மாற்றத்தைச் சொல்லும் குழந்தைகள், புதிதாக உண்டாக்கிக் கொடுத்த சொற்களுக்கு அதை எளிதில் நீட்டுவதில்லை. விதியாக அல்ல, சொல் சொல்லாகத்தான் அது உள்ளே போகிறது என்று நான் எழுதினேன். மறுதேர்வில் அதற்கு முழு மதிப்பெண் கிடைத்தது.

மற்றவை சுருக்கமாக:

– பௌலா ஃபிக்கெர்ட், 1994. எந்த அசையை அழுத்திச் சொல்வது என்பதைக் குழந்தை கற்கும் படிநிலைகள். ‘பலோன்’ (பலூன்) என்ற சொல்லில் அழுத்தம் பின்னசையில். குழந்தை முதலில் அந்த அசையை மட்டும் ‘லோன்’ என்கிறது. பிறகு இரண்டு அசையும் வரும், ஆனால் அழுத்தம் முன்னசைக்குத் தாவிவிடும். அடுத்து இரண்டிலும் சமமாக. கடைசியில்தான் பெரியவர் போல. மேசையில் தட்டித் தட்டிப் படியுங்கள்.

– கிளாரா லெவெல்ட், அதே 1994. ரொட்டிக்கான ‘ப்ரோட்’, ‘போப்’ ஆகிறது. இதழ் குவியும் உயிரோடு சேர்ந்து சொல் முழுவதும் இதழொலியாகிவிடுகிறது. “பிழை” என்று எழுதாதீர்கள்.

– ககரத்துக்கு அதிர்வுள்ள இணை டச்சில் கடன் சொற்களில் மட்டுமே. பகரம், டகரம் போல இணை தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

அசை வகைகள் பற்றிய 2000ஆம் ஆண்டுக் கட்டுரையைத் தனியாகச் சொல்ல வேண்டும். கிளாரா லெவெல்ட், நீல்ஸ் ஷில்லர், வில்லெம் லெவெல்ட் மூவரும் எழுதியது. மெய்+உயிர், பிறகு இறுதியில் மெய் சேர்ந்தது, பிறகு தனி உயிர், பிறகு உயிர்+மெய். இதுவரை எல்லாக் குழந்தைகளும் ஒரே பாதை. அதன்பின் சிலர் சொல்லின் இறுதியில் மெய்ம்மயக்கத்தை, அதாவது அடுத்தடுத்து வரும் மெய்களை, முதலில் பிடிக்கிறார்கள், சிலர் தொடக்கத்தில். பெரியவர் பேச்சில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் வருவதால்தான் அங்கே பாதை பிரிகிறது என்பது வாதம். பலர் வரிசையை மட்டும் ஒப்பித்துவிட்டுப் பிரியும் காரணத்தை விட்டுவிடுகிறார்கள். மதிப்பெண் அந்தக் காரணத்துக்குத்தான்.

குழுவாகப் படிப்பது எனக்கு ஒத்துவரவில்லை. கைமாறி வந்த குறிப்புகளில் குழந்தை வடிவங்களே தப்பாக இருந்தன. அதற்குப் பதில் ஃபிக்கெர்ட்டும் லெவெல்ட்டும் 12 குழந்தைகளை இரு வாரத்துக்கு ஒருமுறை ஏறக்குறைய ஓராண்டு பதிவுசெய்த தரவைப் படித்தேன். குழந்தைப் பேச்சுப் பதிவுகளைச் சேர்த்துவைக்கும் ஃபோன்பாங்க் தரவகத்தில் இருக்கிறது. ஒரே குழந்தையை எடுத்துக்கொண்டு, ஒரே சொல்லை மாதவாரியாகக் கையால் எழுதினேன். நான்கு மாலைகள் போதும்.

நடு நிரலில் சந்தேகம் வந்தால் டச்சுக்காரத் தோழி ஒருத்தியைக் கேளுங்கள். சொல்லை எழுதிக் காட்டாதீர்கள். நாயின் படத்தைக் காட்டி என்னவென்று கேட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்.