ஒத்தை ஜிமிக்கியும் அம்மாவோட சூரியனும்

எங்க ஆச்சி போட்டிருந்த பாம்படத்த நான் போட்டோல மட்டும்தான் பாத்திருக்கேன். காது தோள் வரைக்கும் தொங்கும், பாக்கவே பயமா இருக்கும். நான் பொறக்கறதுக்கு முன்னாடியே அத ஒரு கடைல குடுத்து வளையலா மாத்திட்டாங்களாம். பாம்படம் வெளில பாக்கதான் குண்டு, உள்ள முக்காவாசி அரக்கு, மேல மெல்லிசா தங்கத் தகடு. கடைக்காரர் அரக்க உருக்கி எடுத்துட்டு எடை போட்டப்போ ஆச்சி மனசுல கணக்கு போட்டு வச்சிருந்ததுல பாதிகூட இல்லன்னு அம்மா இன்னைக்கும் சொல்லி சொல்லி ஆதங்கப்படுவாங்க. அந்த வளையலும் இப்ப யார்கிட்ட இருக்குன்னு தெரியாது.

அதனால போன வருஷம் நாகர்கோவில் வீட்ட காலி பண்ணப்போ ஒரு பிஸ்கட் டப்பா நிறைய அம்மா டான்ஸ் ஆடறப்போ போட்ட பழைய நகை செட்டு கெடச்சதும் நான் விடல, உருக்காம உடைக்காம இப்ப போடற மாதிரி மாத்திடலாம்னு முடிவு பண்ணிட்டேன். நாகர்கோவில்லயே இருக்கற வடசேரில வாங்கினது. கோயில் நகைன்னு புவிசார் குறியீடெல்லாம் வாங்கியிருக்கற ஊரு அது. அசல் வடசேரி வேலைன்னா வெள்ளித் தகட்டுல கெம்புன்னு சொல்ற செவப்பு கல்லு பதிச்சு மேல தங்க ரேக், அதாவது ரொம்ப மெல்லிசு தங்கத் தாள், ஒட்டுவாங்க, அம்மாவுது அதுல்லாம் இல்ல, செம்புல முலாம் பூசின டான்ஸ் செட்டுதான். நெத்திச்சுட்டி, பின்னந்தலைல வைக்கற வட்டமான ராக்கொடி, தலைல வலது பக்கம் வைக்கற சூரியன், இடது பக்கம் வைக்கற சந்திரன், அறுந்து போன மாங்கா மாலை, அப்புறம் ஒரே ஒரு ஜிமிக்கி, ஜோடி எங்க போச்சோ.

மொதல்ல பண்ண முட்டாள்தனத்த சொல்லிடறேன். அழுக்கா இருக்கேன்னு ராக்கொடிய பூந்திக்கொட்டை தண்ணில ஊற போட்டுட்டு குளிக்க போயிட்டேன், திரும்பி வந்து பாத்தா நடுவுல அன்னத்த சுத்தி இருந்த கல்லுல மூணு காபி டிகாஷன் கலருக்கு வந்துடுச்சு. கெம்பு கல்லுக்கு அந்த செவப்பு கல்லுல மட்டும் இல்லங்க, கல்லுக்கு அடில மினுமினுன்னு ஒரு தாள் வச்சுதான் பதிச்சிருப்பாங்க, வெளிச்சம் அதுல பட்டு திரும்பி வரதாலதான் அந்த ஜொலிப்பு. தண்ணி உள்ள போனா தாள் கறுத்துடும், அதோட கல்லும் செத்துடும். காஞ்ச பிரஷ், மெத்துன்னு ஒரு துணி, அவ்ளோதான் போதும். அம்மா வேற ஒண்ணும் சொல்லல, "குரங்கு கைல பூமாலை குடுத்த மாதிரி ஆயிடுச்சே மக்ளே"ன்னு மட்டும் சொன்னாங்க. அதுவே போதுமே.

ரெண்டாவது பாடம் பசை. ஒட்டின உடனே பிடிக்கற பசை இருக்கே, அதோட ஆவி பட்டா கல்லு மேல வெள்ளையா படிஞ்சு மங்கிடும். அதனால இப்ப நான் ஒட்டறதே இல்ல, வெட்டறதும் இல்ல. டேபிள் லேம்ப் கீழ சூரியன கவுத்து வச்சு பாத்துட்டு இருந்தப்பதான் புரிஞ்சுது, ஓரத்துல சுத்தி குட்டி குட்டியா வளையம் வச்சிருக்காங்க, நூல் விட்டு கட்டறதுக்கு. நெத்திச்சுட்டி, மாங்கா எல்லாத்துலயும் அப்படித்தான். அந்த காலத்து நகைல பாதி நூல்ல கட்டி போடற நகைதானே, நாம புதுசா ஒண்ணும் பண்ண வேணாம், கட்டற இடத்த மாத்தினா போதும்.

சூரியனோட ரெண்டு வளையத்துல மெல்லிசு கம்பி (நான் 20 கேஜ் எடுத்தேன், ரொம்ப மெல்லிசா எடுத்தா தொங்கி போயிடும்) விட்டு ஒரு பெரிய சேஃப்டி பின்னோட சேத்து கட்டினேன், புடவை தோள்ல குத்தற பின் ரெடி. சந்திரன் ஒரு கறுப்பு க்ளிப் மேல ஏறிடுச்சு. ஒத்தை ஜிமிக்கிய கறுப்பு கயித்துல கோத்து கழுத்துல போட்டுட்டு ஆபீஸ் போனா நாலு பேர் எங்க வாங்கினன்னு கேட்டாங்க, எனக்கு பெருமை தாங்கல.

மாங்கா மாலைதான் வேலை வாங்கிச்சு. மிஞ்சினது 11 மாங்கா. 7 எடுத்து கழுத்த ஒட்டின மாதிரி பட்டு நூல்ல கோத்தேன், மீதி 4 காதுக்கு, ஒரு பக்கத்துக்கு ரெண்டு. இதுக்கு ஜம்ப் ரிங் (ஒண்ணோட ஒண்ண சேக்கற, வாய் வெட்டின குட்டி கம்பி வளையம்) நெறைய போடணும், அத பக்கவாட்டுல இழுத்து தொறக்காதீங்க, வட்டம் போயிடும், அப்புறம் வாய் சேராம நடு ரோட்டுல மாங்கா உதிரும். ரெண்டு குறடால ரெண்டு முனையையும் புடிச்சு ஒண்ண முன்னாடி ஒண்ண பின்னாடின்னு திருப்பணும், மூடறதும் அதே மாதிரி, மூடறப்போ டிக்குனு சின்னதா ஒரு சத்தம் வரும், அது வந்தா சரியா உக்காந்துச்சுன்னு அர்த்தம். காது கொக்கி மட்டும் சீப்பா வாங்கிடாதீங்க. நிக்கல் கலந்ததா இருந்தா சில பேருக்கு காது அரிச்சு புண்ணாயிடும், எனக்கு ஆச்சு. இப்ப வெள்ளி கொக்கிதான் போடறேன்.

நெஜ தங்கம், அரக்கு வச்ச நகை இதுல எல்லாம் இந்த விளையாட்டு வேணாம், தெரிஞ்ச ஆசாரிகிட்ட போயிடுங்க. அப்பவும் உருக்காம என்ன பண்ணலாம்னு மொதல்ல கேளுங்க.

ராக்கொடி இன்னும் டப்பாலதான் இருக்கு, அந்த மூணு கல்ல பாக்கறப்போ எல்லாம் கை நடுங்குது.

போன மாசம் சொந்தத்துல டான்ஸ் கத்துக்கற ஒரு பொண்ணுக்கு சலங்கை பூஜை, மொத மொதல்ல சலங்கை கட்டற விழா. சூரியனும் சந்திரனும் வேணும்னு அம்மா ஃபோன் பண்ணாங்க, எங்க ஒடைச்சு வச்சிருப்பேனோன்னு குரல்லயே தெரிஞ்சுது. நான் கம்பிய பிரிச்சு பின்னையும் க்ளிப்பையும் கழட்ட ரெண்டு நிமிஷம்கூட ஆகல, அப்படியே பழசா குடுத்து அனுப்பிட்டேன். அம்மா திருப்பி திருப்பி பாத்துட்டு "பரவால்லியே"ன்னாங்களாம்.

பூஜை முடிஞ்சு மூணு வாரம் ஆச்சு. சூரியன் இன்னும் எனக்கு திரும்பி வரல.