கண் மட்டத்தில் கை வைக்காதே

என்ன வேலை பார்க்கிறாய் என்று சொந்தக்காரர்கள் கேட்டால், "வீடியோ கேமுக்குள்ளே சாமான் அடுக்குகிறேன்" என்று சொல்லிவிடுவேன். அதில் பொய் இல்லை. லெவல் டிசைனர் வெறும் சாம்பல் நிறப் பெட்டிகளை வைத்தே தெரு, சந்து, மாடி எல்லாம் கட்டிவிடுவார். அதற்குள் ஆட்கள் ஓடிச் சுட்டு ஆடிப் பார்த்து, ஆட்டம் சரியாக வருகிறது என்று தெரிந்தபிறகு மேப் என்னிடம் வரும். அதை ஒரு ஊராக நம்பவைப்பது என் பாடு.

ஒற்றை ஆள் ஆடும் கதை கேம் என்றால் கைக்கு வந்ததையெல்லாம் இறைக்கலாம். பத்துப் பேர் ஒருவரையொருவர் சுடும் மேப்பில் அது நடக்காது. அங்கே எந்தச் சாமானைப் பார்த்தாலும் ஆடுபவர் மனதில் ஓடுவது இதுதான்: பின்னால் ஒளியலாமா, மேலே ஏறலாமா, குண்டு துளைக்குமா? கவுண்டர் ஸ்ட்ரைக் என்ற சுடும் கேமில் மரப்பெட்டியைக் குண்டு துளைத்துக்கொண்டு போகும். தடித்த கல் சுவரில் அது நடக்காது. சாம்பல் பெட்டியாக இருந்த இடத்தில் அழகுக்காக நான் மரத்தை வைப்பதா கல்லை வைப்பதா என்பதிலேயே அந்த மூலையின் சண்டை மாறிவிடும்.

அதே கேமில் நிற்கும் ஆளின் கண் தரையிலிருந்து 64 யூனிட் உயரத்தில் இருக்கிறது. ஒரு யூனிட்டை ஒரு அங்குலம் என்று வைத்துக்கொண்டால் ஐந்தேகால் அடிக்குச் சற்று மேலே. முழங்காலிலிருந்து தலைக்குக் கொஞ்சம் மேலே வரைக்குமான பட்டை எதிராளி தெரியவேண்டிய இடம். அங்கே ஒரே சாயலில் காரை பூசிய சுவர் போதும். என் ஆசையையெல்லாம் அதற்கு மேலே தீர்த்துக்கொள்வேன்: பால்கனி, மின்கம்பிகள், துருப்பிடித்த தகரக் கூரை, ஏசி பெட்டி. அப்புறம் தரையில் விரிசல், தண்ணீர்க் கறை. தலை உயரத்தில் ஒரே ஒரு கறுப்புச் சட்டையைக் கொடியில் தொங்கவிட்டுப் பாருங்கள், யாராவது ஒருவர் அதன்மேல் பாதி மேகசினைக் காலி செய்வார்.

2007இல் வந்த டீம் ஃபோர்ட்ரஸ் 2 என்ற கேம்தான் இதில் எனக்கு வாத்தியார். சிவப்பு அணியின் பக்கம் மரமும் கோணல்மாணலான வடிவங்களும் வெதுவெதுப்பான நிறங்களும். நீல அணியின் பக்கம் கான்கிரீட், தகரம், நேர்க்கோடுகள். பெயர்ப்பலகை இல்லாமலே யார் இடத்தில் நிற்கிறோம் என்று தெரிந்துவிடும். ஆட்களின் உருவத்திலும் ஆயுதம் பிடித்திருக்கும் நெஞ்சுப் பக்கத்தில்தான் மாறுபட்ட நிறம் அதிகம். சுவர் அதோடு போட்டி போடாது.

செடிகொடிகள் தனித் தலைவலி. பப்ஜியில் புல்லுக்குள் படுத்தவர்களுக்கு இது தெரியும்: தான் மறைந்திருப்பதாக அவர் நினைப்பார், தூரத்தில் இருப்பவரின் திரையில் புல்லே வராது, வெட்டவெளியில் ஒருவர் படுத்திருப்பார். அதனால் சண்டை நடக்கும் இடத்தில் கணுக்காலுக்கு மேல் எதையும் வளர விடுவதில்லை.

பார்ப்பவருக்குத் தெரியாத வேலைதான் அதிகம். வாசலோரம் ஒரு பூந்தொட்டி வைக்கிறேன் என்று வையுங்கள். ஓடி வருபவரின் கால் அதன் விளிம்பில் சிக்கினால் உயிர் போய்விடும். ஆகவே தொட்டியைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத வழவழப்பான ஒரு தடுப்பு, ஆள் இடறாமல் வழுக்கிப் போவதற்கு. அந்தத் தடுப்பு குண்டைத் தடுக்கக் கூடாது. எறிகுண்டு பட்டால் எப்படித் தெறிக்கவேண்டும் என்பதைத் தனியாக யோசிக்கவேண்டும். ஒரு தொட்டிக்கே இவ்வளவு.

பதிலுக்கு ஒரு சந்தோஷம் உண்டு. நான் வைக்கும் சாமான்தான் அந்த இடத்துக்குப் பெயர். கவுண்டர் ஸ்ட்ரைக்கின் இன்ஃபர்னோ என்ற மேப்பில் ஒரு மூலைக்கு "காஃபின்ஸ்" என்று பெயர், அங்கே சவப்பெட்டிகள் கிடப்பதால். பசங்க மைக்கில் "பச்சை வண்டிகிட்ட ஒருத்தன்டா!" என்று கத்தவேண்டுமானால் மேப்பில் பச்சை வண்டி ஒன்றுதான் இருக்கவேண்டும். இரண்டாவது வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் வைக்கமாட்டேன்.

இப்போது கையில் இருப்பது ஒரு மீன்பிடித் துறைமுகம். ஏலக் கொட்டகைக்கு ஒரு நீலத் தார்ப்பாய் கட்டியிருக்கிறேன். மாடியில் நிற்பவரின் பார்வையை அது மறைக்கிறது, எடு என்கிறார் லெவல் டிசைனர். ஓர் அடி உயர்த்திக் கட்டுகிறேன் என்று நான் சொல்லியிருக்கிறேன். பேரம் இன்னும் படியவில்லை.